ஊருக்கெல்லாம் தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியாது

ஓம் சரவணபவ.



இந்த வாரம் தல வரலாறும் இல்லை, விரத முறையும் இல்லை. போன வாரம் நம்ம குழுவுல இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். குரல் நடுங்குது. "அண்ணா, அம்மாவுக்கு மார்புல கட்டி. டெஸ்ட்ல கேன்சர்னு வந்துருச்சு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சொன்னா தாங்க மாட்டாங்க, சொல்லவே கூடாதுன்னு மாமா சொல்றார். நான் முருகன்கிட்ட என்னன்னு வேண்டிக்கறது அண்ணா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரலை. ஏன்னா அதே பொய்யை நானும் சொல்லியிருக்கேன். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, 19 நாள். சொன்னது வேற யார்கிட்டயும் இல்லை, எங்க அப்பாகிட்ட.

அந்தத் தம்பிக்கு எழுத ஆரம்பிச்ச பதில்தான் இது. எழுத எழுத நீண்டுடுச்சு. இன்னும் நாலு பேருக்குப் பயன்படட்டும்னு இங்கேயே போடறேன்.

கன்னத்துல ஒரு புண்

எங்க ஊர் கும்பகோணம் பக்கம். அப்பாவுக்கு வெத்தலை பாக்குக் கடை. வெத்தலைக்கும் சீவலுக்கும் பேர் போன ஊர்ல வேற என்ன கடை இருக்கும்! கடையில உட்கார்ந்தா அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. வெத்தலை, சீவல், சுண்ணாம்பு, ஒரு விரல் பன்னீர்ப் புகையிலை. மடிச்சு இடது கன்னத்துல ஒதுக்கிக்கிட்டார்னா ஒரு மணி நேரம் ஓடும். 30 வருஷப் பழக்கம்.

2022 ஆவணியில, அதே இடது கன்னத்துக்குள்ள ஒரு புண் வந்தது. வலி இல்லை. "பல்லு உரசுதுடா, அதான்"னு அப்பா சொன்னார். மருந்துக்கடையில சத்து மாத்திரை வாங்கிப் போட்டார். அம்மா தேன் தடவினாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? விபூதி பூசிவிட்டு, "முருகா, இது ஆறிடுச்சுன்னா தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறேன்"னு வேண்டிக்கிட்டேன்.

வேண்டிக்கிட்டது தப்பில்லை. வேண்டிக்கிட்டதோட நிறுத்திக்கிட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. ரெண்டரை மாசம் போச்சு. புண்ணைச் சுத்தி வெள்ளையா படர்ந்தது. வாயை முழுசாத் திறக்க முடியலை. பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட வேற எதுக்கோ போனப்போதான் அவர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம வேற ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நண்பர்களே, இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. வாய்ப்புண் ரெண்டு வாரத்துல ஆறலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும். வலி இல்லைன்னா இன்னும் சீக்கிரமா காட்டணும், ஏன்னா ஆரம்பத்துல இந்த நோய் பெரும்பாலும் வலிக்கிறதில்லை. வாய்க்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு, வாய் திறக்கறது குறைஞ்சுகிட்டே வர்றது, கழுத்துல கரையாத கட்டி, மார்புல கட்டி, மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தப்போக்கு, மலத்துல ரத்தம், சாப்பாடு விழுங்கச் சிரமம், காரணமே இல்லாம உடம்பு இளைக்கிறது. இதுல எது வந்தாலும் கேன்சர்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் வேற ஏதாவதுதான் இருக்கும். ஆனா அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், நாம இல்லை.

கந்த சஷ்டி கவசம் தினமும் சொல்றவங்க நம்ம குழுவுல எத்தனையோ பேர். தேவராய சுவாமிகள் உடம்பை உறுப்பு உறுப்பாப் பேர் சொல்லி வேல்கிட்ட ஒப்படைக்கிறார். கன்னம், நாக்கு, பல்லு, கழுத்து, மார்பு எல்லாம் அதுல வரும். நானும் தினமும் சொன்னேன். சொன்ன வாயால ஒரு தடவை, "அப்பா, வாயைத் திறங்க, பார்க்கறேன்"னு கேட்கலை. காக்கச் சொல்லி வேண்டிக்கிற உறுப்பை மாசம் ஒரு தடவையாவது கண்ணால பார்க்கறதும் அந்தப் பாராயணத்தோட சேர்ந்ததுதான்னு இப்போ நினைக்கிறேன்.

ரிப்போர்ட் வந்த நாள்

புண்ணுல அரிசி அளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. அதுக்கே வீட்டுல சண்டை. "கத்தி பட்டா பரவிடும்"னு அத்தை சொன்னாங்க. நிறையப் பேர் நம்பற விஷயம் இது. சதை எடுத்துப் பார்க்கறதால வாய்ப் புற்றுநோய் பரவறதில்லை. எடுத்துப் பார்க்காம இருக்கற ஒவ்வொரு வாரமும் அது தானா வளர்ந்துகிட்டுதான் இருக்கு. எந்த வகை நோய்னு தெரியாம எந்த டாக்டரும் சிகிச்சை ஆரம்பிக்க முடியாது.

கந்த சஷ்டி விரதத்துல இருந்தேன். ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. அந்தப் பேர் புரியலை. ஆனா கவுண்டர்ல கொடுத்த அம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்க்காததுல புரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி பெரியப்பா வீட்டுல எல்லாரும் கூடினோம். பெரியப்பா முடிவாச் சொல்லிட்டார்: "அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. பேரைக் கேட்டாலே உடைஞ்சு போயிடுவான். புண்ணு ஆறலை, சின்னதா ஒரு ஆபரேஷன்னு சொல்லிக்கலாம்."

பெரியப்பாவைக் கெட்டவரா நினைச்சுடாதீங்க. எங்க தாத்தாவுக்கு 1980-கள்ல தொண்டையில கேன்சர். ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுகிட்டே ஒருத்தர், "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு தாத்தா காதுபடவே சொல்லிட்டாராம். வீட்டுக்கு வந்த தாத்தா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், சாப்பிடலை, பேசலை. 11 நாள்ல போயிட்டார். அதைக் கண்ணால பார்த்தவர் பெரியப்பா. அவர் பயம் நிஜமான பயம்.

அதனால நானும் தலையாட்டிட்டேன்.

19 நாள் எப்படிப் போச்சு

பொய் ஒண்ணைச் சொன்னா அதுக்குக் காவலா பத்துப் பொய் வேணும். ஆஸ்பத்திரிக்குப் போனா பெயர்ப் பலகை அப்பா கண்ணுல படாம பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போனேன். ஃபைல் மேல அச்சடிச்சிருந்த எழுத்தை மறைச்சு செய்தித்தாள் அட்டை போட்டேன். ஸ்கேன் எடுக்கிற இடத்துல இருந்த தங்கச்சிகிட்ட முன்கூட்டியே போய், "அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க"ன்னு கெஞ்சினேன். அம்மா அழறதுக்குக் கொல்லைப்பக்கம் போவாங்க. அப்பா கூடத்துல தனியா உட்கார்ந்திருப்பார்.

ஆனா ஊருக்குத் தெரியும். சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல அப்பாவோட நம்பரை மட்டும் விட்டுட்டுப் புதுசா ஒரு குழு ஆரம்பிச்சாங்க. அதுல ஸ்கேன் படம் வரைக்கும் போச்சு. சித்தப்பா மகனோட மாமனார் வரைக்கும் அப்பாவோட கழுத்துல எத்தனை நெறிக்கட்டின்னு தெரியும். கழுத்துக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது.

ஸ்கேன் பார்த்துட்டு மூணாம் கட்டம்னாங்க. கட்டம்னு சொன்னா நிறையப் பேருக்கு நாள் கணக்குதான் ஞாபகம் வருது. அப்படி இல்லை. புண் எவ்வளவு பெரிசு, நெறிக்கட்டிக்குப் போயிருக்கா, வேற உறுப்புக்குப் போயிருக்கா, இந்த மூணையும் வெச்சு எந்த சிகிச்சைன்னு முடிவு பண்ற கணக்கு அது. அப்பாவுக்கு ஆபரேஷன், அதுக்கப்புறம் கதிர்வீச்சுன்னு முடிவாச்சு. கன்னத்துல ஒரு பகுதியும் கழுத்து நெறிக்கட்டிகளும் எடுக்கணும், தொடையிலேர்ந்து சதை எடுத்துக் கன்னத்துல வெச்சுத் தைக்கணும்.

சம்மதப் படிவத்துல நானே கையெழுத்துப் போடறேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் பேனாவைக் கொடுக்கலை. அமைதியா ஒரு கேள்விதான் கேட்டார்: "முகம் அவரோடது. கையெழுத்து உங்களோடதா?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. அவர் தொடர்ந்து சொன்னார். "கண் முழிச்சுப் பார்க்கும்போது கன்னம் மாறியிருக்கும். மூக்கு வழியா குழாய் இருக்கும். பேச முடியாது. சின்ன ஆபரேஷன்னு நம்பி வந்தவர் அப்போ யாரைக் கேள்வி கேட்பார்? உங்களைத்தான். அப்புறம் ஆறு வாரம் கதிர்வீச்சு இருக்கு. ஏன்னு தெரியாம எப்படி வருவார்? நாளைக்குக் காலையில நான் அவர்கிட்ட பேசப்போறேன். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லணும்னா, இன்னைக்குச் சாயங்காலம் இருக்கு."

பின்னாடிதான் தெரிஞ்சுது, இது அவரோட பிடிவாதம் இல்லை, சட்டமே அதுதான். சுயநினைவோட இருக்கிற வயசுக்கு வந்த நோயாளியோட சம்மதத்தை அவர்கிட்டதான் வாங்கணும், கூட வந்தவங்ககிட்ட இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கு.

அப்பா சொன்னது

அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வளாகத்துல வேப்பமரத்தடியில ஒரு சிமெண்ட் பெஞ்சு. அப்பா பக்கத்துல உட்கார்ந்தேன். கால் நடுங்குது. மனசுக்குள்ள சரவணபவ சொல்லிக்கிட்டே ஆரம்பிச்சேன்.

"அப்பா, இந்தப் புண்ணைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியணுமா?"

அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிச்சார்.

"ஏன் தம்பி, மூணு வருஷமா பாக்கி வெச்சிருந்த ஆளு, கேட்காமயே கடைக்கு வந்து மொத்தக் காசையும் கொடுத்துட்டுப் போறான். உங்க அத்தை ஃபோன்ல என்னைத் திட்டவே மாட்டேங்கறா. எனக்குத் தெரியாதா? வந்த ரெண்டாவது நாளே பக்கத்துல உட்கார்ந்திருந்தவர்கிட்ட கேட்டுட்டேன், இது என்ன ஆஸ்பத்திரின்னு."

"அப்போ ஏன்பா எங்ககிட்ட கேட்கலை?"

"நீங்க எல்லாரும் பயந்துபோய்க் கிடந்தீங்க. நானும் கேட்டா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான்."

அவர் உடையக் கூடாதுன்னு நாங்க மறைச்சோம். நாங்க உடையக் கூடாதுன்னு அவர் மறைச்சார். ஒரே வீட்டுல, ஒரே விளக்கு வெளிச்சத்துல, 19 நாள் ஆளுக்கொரு பக்கம் தனியா பயந்துகிட்டிருந்தோம். அதுல அதிகத் தனியா இருந்தது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்னைக்குத்தான் அப்பா முதல் தடவையா அழுதார். நானும் அழுதேன். அழுது முடிச்சுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆபரேஷனுக்கு அப்புறம் பேச்சு வருமா?" இந்தக் கேள்வி 19 நாளா அவர் நெஞ்சுக்குள்ள இருந்திருக்கு. கேட்க ஆள் இல்லாம இருந்திருக்கு. மறுநாள் டாக்டர்கிட்ட அவரே கேட்டார். "கொஞ்சம் குழறும், பயிற்சி பண்ணா புரியற மாதிரி வரும்"னு டாக்டர் சொன்னார். அப்பா கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து நடுங்கலை.

சுவாமிமலை சொல்லிக் கொடுத்தது

நாம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைப் பால முருகன் சிறை வைக்கிறான். உனக்குத் தெரியுமான்னு சிவபெருமான் கேட்கிறார். பிள்ளை குருவாகிறான், அப்பா சீடராகிறார். அதனாலதான் சுவாமிமலையில அவனுக்குத் தகப்பன்சாமின்னு பேர். எங்க வீட்டுலேர்ந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல அந்தக் கோயில். சின்ன வயசுலேர்ந்து நூறு தடவையாவது போயிருப்பேன். அன்னைக்குத்தான் அந்தக் கதை எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்தது.

முதல் விஷயம், அப்பன் கேட்டான், பிள்ளை சொன்னான். கேட்காதவர்கிட்ட போய்க் கொட்டலை. ரெண்டாவது, காதுல சொன்னான். உரக்க இல்லை, ஊர் நடுவுல இல்லை. யாருக்குச் சேரணுமோ அவருக்கு மட்டும், பக்கத்துல உட்கார்ந்து. மூணாவது, அப்பாவுக்குப் பிள்ளை ஒரு விஷயம் சொல்றதால அப்பா சிறுமைப்படலை. கேட்கிற அப்பாவும் பெரியவர்தான், சொல்ற பிள்ளையும் பெரியவன்தான்.

நாங்க செஞ்சது அப்படியே தலைகீழ். ஊருக்கு உரக்கச் சொன்னோம். அப்பா காதை மட்டும் மூடினோம்.

அப்போ தாத்தா கதை? அவருக்கு உண்மையைத்தானே சொன்னாங்க? இதைப் பத்தி ரொம்ப நாள் யோசிச்சேன். தாத்தாவை உண்மை சாய்க்கலைன்னு தோணுது. வராந்தாவுல நின்னுகிட்டே ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அதைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. உண்மையைக் கையில கொடுத்துட்டு எல்லாரும் விலகிட்டாங்க. சொல்றது பாதி வேலைதான். சொன்ன பிறகு பக்கத்துல இருக்கறது மீதி. அந்த மீதி இல்லைன்னா உண்மையும் கொடுமைதான்.

மறைக்கிறது நம்ம ஊர் பழக்கம் மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 1961-ல டாக்டர்கள்கிட்ட ஒரு கணக்கெடுப்பு நடத்தினாங்க. கேன்சர்னு நோயாளிகிட்ட சொல்றதில்லைன்னு 90 சதவீதம் பேர் சொன்னாங்க. 1979-ல திரும்பக் கேட்டப்போ 97 சதவீதம் பேர் சொல்லிடுவோம்னாங்க. 18 வருஷத்துல அப்படியே மாறிப் போச்சு. காரணங்கள்ல ஒண்ணு, அந்த இடைவெளியில சிகிச்சை வளர்ந்தது. வழியே இல்லாத காலத்துல உண்மையைச் சொல்றது தண்டனை மாதிரி இருந்தது. வழி இருக்கும்போது மறைக்கிறது, வழியையே மறைக்கிறது.

நம்ம தமிழ்நாட்டுலயே பாருங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை புற்றுநோயால இறந்தாங்க. அந்தத் துக்கத்தை அந்த அம்மா மூடி வைக்கலை. 1954-ல சென்னை அடையாறுல புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினாங்க. 1955-ல அங்க சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மா, 2021-ல காலமாகிற வரைக்கும் அந்த மருத்துவமனையோடவே வாழ்ந்தாங்க. பேர் சொல்லவே பயந்த நோயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க அவங்க.

தெரிஞ்சுக்க விரும்பாதவங்க

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். அப்பா பக்கத்துப் படுக்கையில இருந்தவரோட மனைவி, 65 வயசு இருக்கும், அவங்களும் நோயாளிதான். டாக்டர் பேச வந்தா, "எனக்கு விவரம் வேண்டாம் சார், என் பையன்கிட்ட சொல்லுங்க. அவன் சொல்றபடி நான் நடந்துக்கறேன்"னுவாங்க. அதுவும் அவங்க உரிமைதான். அவங்க காதுல வலுக்கட்டாயமா போய்ச் சொல்றது நியாயம் இல்லை.

ஆனா வித்தியாசத்தைக் கவனிங்க. வேண்டாம்னு அவங்களே சொன்னாங்க. எங்க அப்பாவுக்கு வேண்டாம்னு நாங்க சொன்னோம். அந்த ஒரு வித்தியாசத்துலதான் தர்மம் இருக்குன்னு நினைக்கிறேன். அதனால கேள்வி "சொல்லலாமா, வேண்டாமா" இல்லை. "உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?"னு அவங்களையே கேட்கறது. பதில் எதுவா இருந்தாலும் அது அவங்களோடது.

சிகிச்சை நாட்கள்

கார்த்திகையில ஆபரேஷன். ஏழு மணி நேரம். பேச முடியாததால அப்பாகிட்ட ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தோம். நான் என்னமோ எதிர்பார்த்தேன். அவர் எழுதின முதல் வரி: "கடையத் தொறந்தியா?"

தை மாசம் கதிர்வீச்சு. வாரத்துக்கு 5 நாள், 6 வாரம், மொத்தம் 30 தடவை. முகம் அசையக் கூடாதுன்னு அவர் முகத்துக்கு ஏத்த மாதிரி ஒரு வலை முகமூடி செஞ்சு மேஜையோட பூட்டுவாங்க. வலிக்காது, ஆனா பயமா இருக்கும். என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச ஆளாலதான் அதுல 30 நாள் படுக்க முடியும். மூணாவது வாரம் வாய் வெந்து போச்சு. எச்சில் வத்திடுச்சு. ருசி போயிடுச்சு. அம்மா செஞ்ச ரசத்தை அப்பா மண்ணு மாதிரி இருக்குன்னாரு. அம்மா, "என் கை ருசியே போயிடுச்சு போல"ன்னு மனசு உடைஞ்சுட்டாங்க. நாக்குல இருக்கிற ருசி உணர்வுதான் கதிர்வீச்சால பாதிக்கப்பட்டிருக்கு, மெல்ல மெல்ல ஓரளவு திரும்பும்னு நர்ஸ் உட்கார வெச்சு அம்மாவுக்குச் சொன்ன பிறகுதான் அவங்க தூங்கினாங்க. பார்த்துக்கறவங்களுக்கும் உண்மை வேணும். அவங்களுக்கும் ஒருத்தர் சாப்பாடு போடணும், ஒரு ராத்திரியாவது மாத்தி இருக்கணும்.

உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணியில ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வாய் கொப்பளிக்கணும். குழைச்ச தயிர்சாதம், கஞ்சி, முட்டை. எடை குறையாமப் பார்த்துக்கறதும் சிகிச்சைதான். கீமோ எடுக்கறவங்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா, விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னும் அங்கதான் கத்துக்கிட்டேன். வெள்ளை அணு குறைஞ்சிருக்கிற உடம்புக்குச் சாதாரணக் காய்ச்சல் கிடையாது.

வலி வந்தா பொறுத்துக்கிட்டு இருக்கறது பக்தியும் இல்லை, வீரமும் இல்லை. வலிக்கு மருந்து இருக்கு. வலியையும் மூச்சுத்திணறலையும் மனக்கஷ்டத்தையும் பார்க்கறதுக்குன்னே வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவு இருக்கு. அங்க அனுப்பினா கை விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. 2010-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, முத்தின நுரையீரல் புற்றுநோய்க்காரங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்தப்போ, அவங்க நிம்மதியா இருந்ததோட கொஞ்சம் கூடுதல் நாளும் இருந்தாங்க. தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இதை வீட்டுக்கே வந்தும் செய்யறாங்க. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, தகுதி உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும். நகையை விக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இருக்கிற காப்பீட்டுப் பிரிவுல ஒரு வார்த்தை கேளுங்க.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் காவடி எடுக்கலை. அப்பா வாய் கொப்பளிக்க வெதுவெதுன்னு தண்ணி வெச்சுக்கிட்டு இருந்தேன். முருகன் கோவிச்சுக்கலைன்னுதான் நம்பறேன்.

கர்மாவா?

பார்க்க வந்த ஒருத்தர் அப்பா முகத்துக்கு நேராவே, "எந்த ஜென்மத்துப் பாவமோ"ன்னார். இளைஞர்களே, தயவுசெஞ்சு இதை யார் வீட்டுலயும் சொல்லாதீங்க. அப்பாவோட நோய்க்குக் காரணம் அவர் கன்னத்துல ஒதுக்கி வெச்ச புகையிலையும் பாக்கும்தான். புகையிலை சேர்க்காத வெத்தலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிடுச்சு. தாம்பூலத்தட்டுல வெத்தலை மங்கலம்தான். கன்னத்துல மணிக்கணக்கா அடக்கி வெச்சா அது வேற. எந்தப் பழக்கமும் இல்லாத குழந்தைகளுக்கும் ரத்தப் புற்றுநோய் வருது. அந்த வார்டுல மொட்டைத் தலையோட பந்து விளையாடற நாலு வயசுக் குழந்தைகிட்ட போய்ப் பாவக்கணக்குப் பேச முடியுமா? நோய்க்குக் காரணம் தேடறது டாக்டர் வேலை. குற்றவாளியைத் தேடறது யார் வேலையும் இல்லை.

கடையும் படியும்

வீட்டுக்குத் திரும்பி மூணு மாசம் கழிச்சு அப்பா கடைக்குப் போனார். முதல் வேலையா, தொங்கிக்கிட்டிருந்த புகையிலைச் சரத்தையும் பன்னீர்ப் புகையிலை டப்பாக்களையும் அவரே எடுத்துக் கீழே வெச்சார். வியாபாரத்துல அதுதான் நல்ல லாபம். அம்மா யோசிச்சாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. இப்பவும் யாராவது பழைய வாடிக்கை வந்து கேட்டா, தைச்ச கன்னத்தைத் திருப்பிக் காட்டுவார். குழறின பேச்சுல, "இது வேணுமா?"ன்னு கேட்பார். ரெண்டு பேர் விட்டுட்டாங்க. நிறையப் பேர் அடுத்த கடைக்குப் போயிட்டாங்க.

தனக்கு என்ன நோய்னு தெரியாத மனுஷனால இந்த முடிவை எடுத்திருக்க முடியுமா? சின்ன ஆபரேஷன்னு ஏமாத்தியிருந்தா, அந்தச் சரம் இன்னும் அங்கேயேதான் தொங்கிக்கிட்டிருக்கும். அவர் கையாலயே இன்னும் நாலு பேருக்குக் கொடுத்துகிட்டிருப்பார். உண்மையைப் பிடுங்கிக்கிட்டா அதோட சேர்த்து ஒருத்தர் செய்யக்கூடிய நல்லதையும் பிடுங்கிக்கிறோம்.

சுவாமிமலையில 60 படி. தமிழ் வருஷம் 60-க்கும் ஒவ்வொரு படின்னு சொல்வாங்க. அப்பா குரோதி வருஷத்துல பிறந்தவர். வரிசையில அது 38-வது. 2024-ல அந்த வருஷம் திரும்ப வந்தது, அப்பாவுக்கு 60 நிறைஞ்சது. விழா எல்லாம் வேண்டாம், கோயிலுக்கு மட்டும் போகலாம்னார். படியை எண்ணிக்கிட்டே ஏறினார். 38-வது படியில கொஞ்சம் உட்கார்ந்தார். மூச்சு வாங்கறதுக்குத்தான். அப்புறம் எழுந்து மீதி 22-ஐயும் ஏறினார்.

முழுசா குணமாயிடுச்சுன்னு நான் எழுத மாட்டேன். அஞ்சு வருஷம் இன்னும் முடியலை. மாசங்கள் தள்ளித் தள்ளிப் பரிசோதனைக்குப் போயிட்டுத்தான் இருக்கோம். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் ராத்திரி ரெண்டு பேரும் தூங்கறதில்லை. ஆனா இப்போ, "பயமா இருக்குப்பா"ன்னு நான் சொல்றேன். "எனக்கும்தான்டா"ன்னு அவர் சொல்றார். அப்புறம் தூக்கம் வந்துடுது.

தம்பி, உனக்கு

மாமா மேல கோவப்படாதே. அவரும் எதையோ பார்த்துப் பயந்திருப்பார். அவரையும் உட்கார வெச்சுப் பேசு. டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வை. அப்புறம் அம்மா பக்கத்துல உட்காரு. ஃபோனை அணைச்சு வை. "அம்மா, இந்தக் கட்டியைப் பத்தி உனக்கு என்ன தோணுது? எவ்வளவு தெரியணும்?"னு கேளு. பாதி அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கேட்ட அளவுக்குச் சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. "ஒண்ணுமே இல்லைம்மா"ன்னு சொல்லாதே. "நான் கூட இருக்கேன்"னு சொல்லு, சொன்னபடி இரு. மார்புப் புற்றுநோய்க்கு நல்ல சிகிச்சைகள் இருக்கு. சீக்கிரம் ஆரம்பிக்கிறதுதான் முக்கியம்.

முருகன்கிட்ட என்ன வேண்டிக்கறதுன்னு கேட்டியே. நோய் தீரணும்னு வேண்டிக்கோ, அதுல தப்பே இல்லை. அதோட இன்னொண்ணும் சேர்த்துக்கோ: "அப்பன் காதுல பேசினவனே, அம்மா காதுல பேச எனக்கும் தைரியம் கொடு. பேசின பிறகு எழுந்து போகாம பக்கத்துலயே இருக்கற மனசையும் கொடு."

படிச்சவங்க இன்னைக்கே வீட்டுல பெரியவங்களை ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. இந்தப் பதிவு யாருக்காவது தேவைன்னு தோணினா அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!